இரண்டு ஊருக்கும் ஒரே ‘திரு’

செங்கல்பட்டு

சைதூனுக்கு சலாம். நான் சுகம். மகள் பதருன்னிசாவுக்கு இருமல் நின்றதா?

நேற்று நான் கண்டக்டராகப் போகும் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் திருப்போரூர் போர்டை மாட்டிவிட்டேன். ‘திரு’வைத் தாண்டினால் எழுத்தெல்லாம் இடம் மாறி ஆடுகிறது. “இன்னா பாய், கண்ணு தெரியலியா?” என்று டிரைவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் போர்டுகளை வாசிக்கவேண்டுமாம், முதலாளி உத்தரவு. கொஞ்சம் பச்சை நூலை உறையில் வைத்து உடனே அனுப்பு. ஒரு போர்டில் அடையாளமாகக் கட்டிக்கொள்வேன்.

மகள் ‘கடல்’ என்பதைக் ‘கலட்’ என்று எழுதிப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்குவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவள் சோம்பேறியில்லை, அடிக்க விடாதே. எழுத்து ஆடுகிறதா என்று மெதுவாகக் கேள். ஆமென்றால், வாப்பாவுக்கும் ஆடும் என்று சொல்.

பஸ் கிளம்புகிறது. பிழைகளை நீயே கூட்டிப் படித்துக்கொள்.

மதார் சாகிப்