அந்த இரண்டு நிமிட மௌனம்

இன்று காலை துறைமுகப் பக்கம் பீரங்கி வெடித்தது. கொட்டாஞ்சேனைத் தெரு முழுவதும் அப்படியே நின்றுவிட்டது. ரிக்‌ஷாக்காரர் வண்டியை இறக்கிவைத்துத் தலை குனிந்தார். மீன் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்தபடி நின்றார். இப்போது முடிந்த போரில் செத்த பிள்ளைகளுக்காக இரண்டு நிமிட மௌனமாம். நான் அங்கே நிற்க மாட்டாமல் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். உங்களோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது.

முந்தைய பெரிய போர் முடிந்து நீங்கள் பஸ்ராவிலிருந்து வந்திறங்கியபோது நான் உங்களுக்கு யாரோ. சனம் ஜெட்டியில் கூடி உங்களுக்கு மாலை போட்டதை என் அப்பாதான் வீட்டில் வந்து சொன்னார். "இராசாவின்ரை சண்டையிலை நிண்ட பெடியன்" என்று சொல்லியே சம்பந்தம் பேசினார். கலியாணமான புதிதில் சலூனில் உங்களுக்குத்தான் முதல் கதிரை. கோயிலில் ஐயர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்களிடம் விபூதித் தட்டை நீட்டுவார். உங்களுக்குப் பின்னால் நடக்கும்போது எனக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

அந்தக் கார்த்திகையில் காலிமுகத்திடலில் போரில் செத்தவர்களுக்கு நினைவு நாள். "நான் வரேல்லை" என்றீர்கள். "உங்களைக் கௌரவிக்கத்தானே கூப்பிடுகினம்" என்று அப்பா விடவில்லை. பதக்கத்தைக் குத்திக்கொண்டு, வெள்ளைக்காரர் வரிசைக்குப் பின்னால் போய் நின்றீர்கள். பீரங்கி வெடித்தது. அத்தனை சனமும் மூச்சுக் காட்டாமல் நின்ற அந்த நேரத்தில் உங்கள் குரல் மட்டும் கேட்டது.

"மல்லி, கதை! கண்ணை மூடாதை! ஏதாவது கதை!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், "காலமையே குடிச்சிட்டு வந்திட்டான்" என்றார். இரண்டு பேர் உங்கள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்கள். சனத்துக்கு வெளியே நின்ற என்னைக் கண்டதும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "ஏன் ஒருத்தரும் கதைக்கினமில்லை?"

வீட்டுக்கு வந்த பிறகு சொன்னீர்கள். காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் ஓட்டிவந்த லொறியின் சில்லு சேற்றில் புதைந்துவிட்டது. பின்னால் கிடந்தவர்கள் தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள். தண்ணீர் இல்லை. ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியாகக் கதைத்துக்கொண்டிருந்தவன் மாளிகாவத்தைப் பையன். தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்று நீங்கள் கூப்பிட்டவன். "சத்தம் இருக்குமட்டும் உயிர் இருந்தது" என்றீர்கள்.

பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நான் கதைத்தேன். இறால் விலை, அடுத்த வீட்டுச் சண்டை, ஆட்டுக்கல் கொத்துகிறவனின் மகள் ஓடிப்போன கதை. "நிப்பாட்டாதை" என்று என் கையைப் பிடித்திருப்பீர்கள்.

காலமும் மாறியது. சலூனில் முதல் கதிரை போயிற்று. "வெள்ளையனுக்குக் கூலிக்குப் போனவர்" என்று காதுபடவே சொன்னார்கள். நினைவு நாளுக்கு விற்கிற சிவப்புக் கடதாசிப் பூவின் காசு இங்கிலாந்துக்குப் போகிறது என்று சொல்லி, இளம் பிள்ளைகள் அதற்குப் போட்டியாக மஞ்சள் சூரிய மலர் விற்றார்கள். கொச்சிக்கடையில் ஒரு பெண் பிள்ளை உங்களை மறித்தாள்.

"ஐயா, நீங்கள் வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டைக்குப் போனனீங்கள்?"

"ஓம் பிள்ளை. லொறி ஓடினனான்." பிறகு அவளுடைய தட்டைப் பார்த்தீர்கள். "இந்தப் பூவை வாங்கினால் பேசாமல் நிக்கவேணுமோ?"

"இல்லை ஐயா."

"அப்ப ஒண்டு தா."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மாலை போட்டவர்களும் சரி, ஏசியவர்களும் சரி, அந்த லொறியின் பின்பக்கத்தில் யார் கிடந்தார்கள் என்று ஒருநாளும் உங்களைக் கேட்டதில்லை.

நெஞ்சுச் சளி முற்றிப் படுத்தபோதும் நீங்கள் மருந்து கேட்கவில்லை. "கதை" என்றீர்கள். ஒரு பின்னேரம் முழுவதும் கதைத்தேன். முதலில் "ம்" கொட்டினீர்கள். பிறகு விரலை அசைத்தீர்கள். பிறகு அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. அண்ணன் வந்து தோளைத் தொட்டு, "காணும் தங்கச்சி, நிப்பாட்டு" என்று சொல்லும்வரை கதைத்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் இப்போது வெள்ளவத்தையில் வீடு வாங்கியிருக்கிறார். போன கிழமை என்னைக் கூட்டிப்போக வந்தார். "கடற்கரைப் பக்கம். ஒரு சத்தம் சந்தடி இல்லை. நிம்மதியாய் இருக்கலாம்" என்றார். வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். இங்கே சாமான் வண்டிகள் கல் ரோட்டில் கடகடவென்று போகின்றன, சுமை தூக்குகிற நாட்டாமைகள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு மூட்டை இறக்குகிறார்கள், கப்பல்கள் ஊதுகின்றன. தெருப்பக்கத்து ஜன்னலை நான் சாத்துவதேயில்லை.