டச்சப் இல்லாத படம்

24-7-2006, திங்கள்
ஆடிக்காற்று. ஷட்டர் படபடவென்று அடிக்கிறது. ஸ்கேனர் மேல் ஒரு படி புழுதி. முகூர்த்தம் இல்லை, ஜெயங்கொண்டத்தில் எல்லா ஸ்டுடியோவும் ஈ ஓட்டுகிறது.

பழைய கல்யாணப் படங்களை சிடியில் ஏற்றும்போது இவரோடு சண்டை. புது கேமராவில் படத்தை எந்த ஃபார்மட்டில் பதிவது, ஜேபெக்கா, ராவா?

"ராவுல வெச்சா தாலி கட்டுறதுக்குள்ள மெமரி கார்டு ரொம்பிடும். ஜேபெக் போதும்டி."

ஜேபெக்கைத் திருத்தி சேவ் பண்ணினால் பழசு மேலேயே புதுசு விழும், போனது போனதுதான். ரா என்றால் கேமரா பார்த்தது அப்படியே இருக்கும் என்றேன்.

"பழைய மூஞ்சிய யாரு வந்து கேக்கப் போறா?"

விட்டுத் தொலைத்தேன். மாவு அரைக்கணும்.

26-7, புதன்
செல்வி வந்தாள். மீன்சுருட்டிப் பெண். போன தையில் அவள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் போட்டோ. முக்காட்டை எடுத்தாள். இடது கண் திறக்கவே இல்லை. உதடு கிழிந்து தொங்கல். கழுத்தில் நாலு விரல் தடம். புருஷன். முதலில் பெல்ட், அப்புறம் கை.

"அக்கா, ஸ்டேஷன்ல போட்டோ கேக்குறாங்க. ரெண்டு நாள்ல வீக்கம் வடிஞ்சிடும். அப்பறம் யாரு நம்புவா? இப்பவே எடுத்துடுங்கக்கா."

எடுத்தேன். ஜேபெக்தான். தடம் தெரியட்டும் என்று அவளே தாடையைத் தூக்கிக் காட்டினாள். அவன் கை விளங்காமல் போக!

பிரிண்ட் போட்டு அவள் தம்பியிடம் கொடுக்க இவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பால் திரிந்திருந்தது.

29-7, சனி
செல்வியின் தம்பி கவரை மேஜைமேல் விட்டெறிந்தான். கவரைப் பிரிக்காமலே ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறான்.

"பொண்ணு பாக்குற போட்டோவாய்யா இதுன்னு சிரிக்கிறாங்கக்கா. சமாதானமாப் போங்கன்னு அவன் கூடவே அனுப்பி வெச்சிட்டாங்க."

படத்தைப் பார்த்தேன். கன்னம் வழவழ. கழுத்து சுத்தம். உதட்டில் ரோஸ் கலர். மூடின கண்ணுக்குப் பதில் கல்யாண ஆல்பத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து ஒட்டியிருக்கிறார் இவர்! மணமேடையில் கண் சிமிட்டுகிறவர்களுக்குச் செய்கிற டச்சப் வேலை.

"பொம்பளப் புள்ள மூஞ்சிய அப்படியே எப்படிக் குடுக்குறது? கை தன்னால போயிடுச்சுடி."

அதன் மேலேயே சேவ். கார்டையும் தீமிதிப் படத்துக்காக அழித்தாகிவிட்டது. சிடி டப்பாவைத் தூக்கி அவர் மேல் வீசினேன். தோளில் பட்டது. இன்னும் வீசியிருக்கணும்.

2-8, புதன்
இனி எல்லாம் ரா. கார்டு ரொம்பினால் ரொம்பட்டும்.

செல்வி வீட்டுக்கு போன் போட்டேன். புருஷன்காரன் எடுத்தான். "தூங்குறா." வைத்துவிட்டான். பட்டப்பகல்.

5-8, சனி
ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. பிணத்தைப் படம் எடுக்க எங்களைக் கூப்பிடுவது வழக்கம். இவருக்குக் காய்ச்சல், நான் போனேன்.

துணியை விலக்கினார்கள். செல்வி.

அதே கழுத்து. இந்த முறை பத்து விரலும். ராவில் எடுத்தேன், கார்டு தீரும் வரை.

போலீஸ்காரர் வாசல் வரை வந்தார். "டச்சப் எதுவும் போட்றாதீங்கம்மா."

அடப்பாவிகளா.

6-8, ஞாயிறு
தூறல். செல்வி புருஷனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அவன் அண்ணன் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்கணும். மொத தடவ ஸ்டேஷன்ல குடுத்தாங்களே, அந்தப் படத்த குடுங்க. மூஞ்சி பளிச்சுன்னு இருக்கும்."

இவர் ஃபைலைத் தேட ஆரம்பித்தார். தேடுகிறார்!

கீபோர்டைப் பிடுங்கி அண்ணன்காரன் மூஞ்சியில் அடித்தேன். புருவம் பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். இவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு கேமராவை எடுத்தேன்.

"வெளிச்சத்துக்குத் திரும்புடா. டச்சப் இல்லாமத் தரேன்."