பிரேக் மேல் போட்ட பழி

வடமதுரை,
சனிக்கிழமை.

அன்பு மகன் ஸ்ரீராமுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கை கௌசல்யா மூவரும் சுகம். நீயும் சுகம் என்று பதில் போட்டால் நான் நம்பப் போவதில்லை, அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை எழுது. போனில் பேசினால் இரண்டாவது பேச்சிலேயே அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதி கௌசல்யாவிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். காலையிலிருந்து இது மூன்றாவது தாள். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து வாசல் வரைக்கும் போய் வருகிறேன், காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று உன் அம்மா கேட்டுவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. கௌசல்யாவுக்குப் பேங்க் பரீட்சை அடுத்த மாதம்.

டப்ளின் ஆபீசில் எல்லாரும் இருக்கும்போது நீ கத்தியதையும், லேப்டாப்பை அடித்து மூடிவிட்டு வெளியே போனதையும் கௌசல்யாதான் சொன்னாள். நீ அவளுக்கு அனுப்பிய மெசேஜை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மெல்ட்டவுன் என்கிறாய், ஃப்ரீக் அவுட் என்கிறாய், ஸ்னாப் ஆகிவிட்டேன் என்கிறாய், லாஸ்ட் இட் என்கிறாய், இங்கே இதற்கு இருபது வார்த்தை இருக்கிறது என்று சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருக்கிறாய். கோ பனானாஸ் என்று வாழைப்பழத்தை வைத்துக்கூட ஒன்று இருக்கிறதாமே, மினி பஸ்ஸில் சிறுமலை வாழைத்தாரைக் காலமெல்லாம் ஏற்றி இறக்குகிற எனக்கே அது தெரியாது. கௌசல்யா ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னாள். உருகியது, உடைந்தது, கழன்றது, எல்லாமே ஏதோ மிஷினுக்கு நடந்த மாதிரி இருக்கிறது. யாரைப் பார்த்துக் கத்தினாய் என்பது ஒன்றிலும் இல்லை. உனக்குக் கீழே வேலை பார்க்கும் போலந்துக்காரப் பெண் அழுதாள் என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். திங்கட்கிழமைக்குள் நீ விளக்கம் எழுதித் தர வேண்டுமாம், அவள் ரிப்போர்ட்டைத் தப்பாகக் கொடுத்ததுதான் காரணம் என்று எழுதப் போகிறாயாம். அவள் மேல் தப்பில்லை என்று தங்கையிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறாய். அவள் வேலைக்கு உலை வைக்கிறாய் என்று உனக்குத் தெரியாதா? அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இப்போது எழுதுவதை உன் அம்மாவிடமே நேற்றுத்தான் சொன்னேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், சிறுமலையிலிருந்து மினி பஸ்ஸை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே நிற்க இடமில்லை, மேலே தார்கள், முதலாளி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் எங்கே வருகிறாய் என்கிறார், அந்த மாதம் முழுக்க எனக்கு ஒருநாள்கூட லீவு இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரு கார் நம் பக்கத்திலேயே ஏறி வந்தது, மயிரிழையில் நிறுத்தினேன். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், எப்போது போய்ச் சேருவோம் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அவளை நான் பேசிய பேச்சை உனக்கு எழுத முடியாது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி, ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். நாற்பது பேர் வெயிலில் நின்றார்கள். அரை மணி கழித்துத்தான் என்னால் வண்டியை எடுக்க முடிந்தது. ஏன் லேட் என்று முதலாளி கேட்டபோது பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மலை ரோட்டில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் சும்மா விடுவாரா, ஷெட் மெக்கானிக் சோலைமலையை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று சித்தையன்கோட்டைக்குப் போனேன். சோலைமலை அங்கே ஒரு டிராக்டர் பட்டறையில் இருக்கிறான். கிரீஸ் கையோடு வந்து நின்றவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கடைசி வரை கேட்டுக்கொண்டான். "அன்னைக்குச் சாயங்காலமே நாலு வீலையும் கழட்டிப் பாத்தேண்ணே. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு, நீங்கதான் நல்லா இல்ல. உள்ளதச் சொன்னா உங்கள வண்டி ஏத்த மாட்டாகன்னு பேசாமப் போயிட்டேன்" என்றான். டீ வாங்கித் தந்தான், அவன் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன். கிளம்பும்போதுதான் அதைச் சொன்னான். "மறுநாளே வந்துருவீகன்னு நெனச்சேண்ணே."

முதலாளியிடம் இன்று சாயங்காலம் சொல்லப் போகிறேன். இனி வண்டி தர மாட்டார் என்று உன் அம்மா பயப்படுகிறாள், எனக்கும் பயம்தான். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் கத்தியது நான்தான், என்னால் தாங்க முடியவில்லை என்று உன் கையால் எழுது. டாக்டரைப் பார், லீவு போடு, முடியவே முடியாது என்றால் கிளம்பி வா, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டோம்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. விளக்கம் எழுதுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் போ, மெசேஜ் வேண்டாம், நேரில் போ. அவளும் நீ மறுநாளே வருவாய் என்று நினைத்திருப்பாள், இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

உன் அப்பா,
மலைச்சாமி