நூலக வாசல் மரமும் பதினொரு புகார்களும்

மார்ச் 5, செவ்வாய்

என் வீட்டுக்கு எதிரே, நூலக வாசலில் நிற்கும் லிண்டன் மரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அறிவிப்பைக் கட்டியிருக்கிறார்கள். வெட்டப்போகிற செய்தியை அந்த மரத்தின் இடுப்பிலேயே கட்டுகிற ரசனை நம் நகர மன்றத்துக்கு மட்டும்தான் வரும். நூலகத்துக்குக் கண்ணாடி முகப்பு வருகிறதாம். எட்டு கார்கள் நிறுத்த இடம் வருகிறதாம். நூற்றிருபது வருட மரம் அதற்கு ‘இடையூறு’.

இதே மன்றம்தான் நீச்சல்குளத்தைக் கம்பளக் கடைக்கு விற்றது. சந்தைச் சதுக்கத்துக் கழிப்பறையைப் பூட்டி, கதவில் பூ வரைந்து, ‘பண்பாட்டு மூலை’ என்று பெயர் வைத்தது. அவசரமாகப் போகிறவர்கள் பண்பாட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு நார்மனிடம் சொன்னேன். எண்பத்து நான்கு வயது. மனைவி போனதிலிருந்து தினமும் காலையில் அந்த மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, நூலகம் திறக்கக் காத்திருப்பார். போகிற வருகிறவர்களோடு அங்கேதான் பேச்சு.

“அது போயிடுச்சுன்னா நான் எங்க போய் உட்கார்றது, கிளெனிஸ்?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடப்போவதில்லை.

மார்ச் 8

மரத்தை வெட்டக் கூடாது என்ற மனுவில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத இறைச்சிக்கடைக்காரர்கூடப் போட்டார்.

மார்ச் 19

மன்ற அலுவலகத்துக்குப் போனேன். திட்டக் குழுத் தலைவர் திரெல்ஃபால் என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினார். தேர்தலுக்குத் தேர்தல் துண்டறிக்கையில் பார்க்கிற அதே பல்.

“இது எங்க ஆசை இல்ல மேடம். ஜனங்க கேட்டது. அந்த மரத்து மேல எத்தனையோ வருஷமா புகார் இருக்கு.”

“எந்த ஜனங்க? காட்டுங்க பார்ப்போம்.”

“பேரெல்லாம் வெளிய சொல்ல முடியாது.”

“பேரை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? கடிதத்தைக் காட்டுங்க.”

எழுத்தில் கேட்டால் இருபது வேலைநாளில் வருமாம். அங்கேயே, அவர் மேசையிலேயே, அவர் பேனாவிலேயே எழுதிக் கொடுத்தேன். புகாராவது மண்ணாங்கட்டியாவது. ஒன்றும் இருக்காது.

ஏப்ரல் 18

இருக்கிறது. தடித்த உறையில், தட்டச்சு செய்த பதினொரு கடிதங்கள். பெயர், விலாசம் எல்லாவற்றின் மீதும் கறுப்பு மை. கூட்டத்தில் பேச உதவும் என்று நார்மனுக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, தேநீரோடு உட்கார்ந்து முதல் மூன்றையும் படித்தேன்.

எல்லாம் ஒரே ஆள். கோடையில் மரத்திலிருந்து அசுவினிப் பூச்சியின் பிசுக்கு சொட்டி அடியில் நிறுத்தும் அந்தப் பிரபுவின் காரில் ஒட்டுகிறதாம். ‘மன்றம் இதற்கு நிரந்தர முடிவு கட்ட வேண்டும்’ என்று அதிகாரம் வேறு. கமாவெல்லாம் பிசகாமல் சரியான இடத்தில் இருக்கிறது. படித்த ஜென்மம், வேறு வேலைவெட்டி இல்லாத ஜென்மம். ஒட்டினால் கழுவ வேண்டியதுதானே? நான் ஞாயிறுதோறும் கழுவவில்லையா?

இந்த மாதிரி ஆட்களும் அந்த மாதிரி மன்றமும் நல்ல பொருத்தம். மீதி நாளைக்கு.

ஏப்ரல் 19

நான்காவது கடிதம். பெயரை மறைத்தார்கள், விலாசத்தை மறைத்தார்கள். கார் எண்ணை மறைக்கவில்லை. ஒரு வேலையையாவது உருப்படியாகச் செய்திருக்கிறார்களா இவர்கள்?

என் கார்.

நான்தான். பதினொன்றும் நான் எழுதியவை. 2009 முதல் 2014 வரை. எப்படி மறந்தேன்? அப்போதுதான் ஆசிரியர் வேலையை விட்டிருந்தேன். திருத்த நோட்டுகள் இல்லை. அதனால் ஊரைத் திருத்தக் கிளம்பினேன். குப்பைத்தொட்டி, மணிக்கூண்டு, தெருவிளக்கு, நூலகக் கூரை ஒழுகல் என்று எதைப் பார்த்தாலும் ஒரு கடிதம். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. அதனால் யாரும் படிப்பதில்லை என்றே நினைத்தேன். கோபத்தில் எழுதி, தபாலில் போட்டு, மறந்துவிடுவேன்.

கூரைக் கடிதத்தையெல்லாம் தொலைத்தவர்கள் இதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பதினைந்து வருஷம்!

ஐயோ — நார்மன். அவரிடம் நகல் இருக்கிறதே. என் காரைத் தினமும் தாண்டித்தானே போகிறார்.

ஏப்ரல் 20

நார்மன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “காத்து கொஞ்சம் அதிகமா இருக்கு இன்னிக்கு,” என்றார். அவ்வளவுதான். படித்துவிட்டார்.

மே 14, செவ்வாய்

திட்டக் குழுக் கூட்டம். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். மேசையில் ஒரு சின்ன விளக்கு. சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். குழுவில் ஏழு பேர், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நார்மன் முதலில் பேசினார். பெஞ்சைப் பற்றி, நிழலைப் பற்றி. புகார்க் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் எழுதி வைத்திருந்த உரையில் திரெல்ஃபாலுக்கு நல்ல நல்ல வசவுகள் இருந்தன. அதை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

“உங்ககிட்ட இருக்கற பதினொரு புகாரும் நான் எழுதினது. நான் எழுதினது தப்பு. எல்லாத்தையும் வாபஸ் வாங்கறேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரெல்ஃபால் பக்கத்து அதிகாரியின் காதில் ஏதோ கேட்டார். பிறகு அந்தப் பல்.

“வாபஸ் வாங்க விதியில இடமில்லங்க மேடம். உங்க புகார் ஏற்கெனவே நடவடிக்கையில இருக்கு.”

ஓட்டு ஐந்துக்கு இரண்டு. மரம் போகிறது. தூங்கியவரும் கை தூக்கினார்.

வெளியே படியில் நார்மனிடம், “மன்னிச்சிருங்க,” என்றேன்.

“படிச்ச அன்னிக்கே தெரியும். நீயா வந்து சொல்வேன்னு பார்த்தேன், கிளெனிஸ். மூணு வாரம் பார்த்தேன்.” பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார். “மழை வரும்போல இருக்கு.”

பேருந்தில் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

செப்டம்பர் 17

பறவைகள் குஞ்சு பொரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்களாம். என்ன கருணை! காலை எட்டு மணிக்கு ரம்பம் தொடங்கியது, பதினொன்றுக்கு முடிந்தது. பெஞ்சையும் ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக’ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

என் வரவேற்பறையில் இதுவரை இல்லாத வெளிச்சம். தூசி நன்றாகத் தெரிகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்றுத் தபாலில் மன்றத்திலிருந்து கடிதம். வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் போட்டிருக்கிறார்கள்.

‘அன்புள்ள மேடம், 2009ஆம் ஆண்டு நீங்கள் அளித்த புகார் உங்களுக்குத் திருப்தியாகத் தீர்க்கப்பட்டது என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்கிறோம். எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரவும்.’

கீழே ஐந்து கட்டங்கள். திட்டித் தீர்த்து நான்கு பக்கம் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே கமா சரியான இடத்தில் விழுந்தது. கிழித்துப் போட்டேன்.

வழக்கம்போல வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். காரில் ஒரு சொட்டுப் பிசுக்கு இல்லை. துடைக்க ஒன்றுமில்லை. நார்மன் வீட்டுத் திரை மூடியிருந்தது. அவர் காலையில் வெளியே வந்து மூன்று வாரமாகிறது.