பாதி ரோட்டைக் காணோம்

அண்ணே,

இன்று காலை ட்ரிப் ஜீப்பில் ஏறும்போது புது டிரைவர் வாயிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. என் மூக்கு தானாக நீண்டுவிட்டது. வண்டன்மேட்டில் ஏலக்காய் மணப்பதைச் சந்தேகப்படுவது கிறுக்குத்தனம்தான். ஆனால் குடித்தவர்கள் வாசத்தை மறைக்க வாயில் போடுவதும் அதைத்தானே.

இந்த ஜீப்பை நீங்கள் ஓட்டிய காலத்தில், ஒருநாள் காலையில் உங்கள் வாயிலும் அதே வாசம். ஏலத்தோட்டத்தில் காயெடுக்கப் போகும் எங்களை ஏற்றிக்கொண்டு மேடு ஏறியவர், வளைவுக்கு முன்னால் ஜீப்பை ஓரம்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தீர்கள்.

"என்னண்ணே, காலையிலேயே ஊத்திக்கிட்டீகளா?" என்று கேட்டது நான்தான்.

"இல்ல தாயி. கண்ணுல என்னமோ மினுக்குது. ரோட்டுல பாதியக் காணோம்."

"எங்க, ஊதுங்க பாப்போம்."

ஊதினீர்கள். ஏலக்காய். "அப்பவே நெனச்சேன்" என்று மற்றவர்கள் இறங்கி நடந்தார்கள். நான் மட்டும் நின்றேன். இரக்கத்தால் அல்ல, கையும் களவுமாகப் பிடிக்கத்தான். சீட்டுக்கடியில் பாட்டில் தேடினேன். நீங்கள் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் வாந்தியெடுத்தீர்கள். வெயில் பட்டாலே முகம் கோணியது. வாந்தியில்கூடச் சாராய நாற்றம் இருக்கிறதா என்று பார்த்தேன். காலையில் குடித்த கட்டன்சாயா, பால் இல்லாத வெறும் டீ. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"நாளைக்கு யாரும் ஏற மாட்டீக, இல்ல?" என்றீர்கள். அந்த ஜீப்தான் உங்கள் வீட்டுச் சோறு.

மறுநாள் ஏலக்காய் மெல்லாமல் வந்து நின்று, ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் குனிந்து ஊதினீர்கள். ஆஸ்பத்திரியில் ஒற்றைத் தலைவலி என்றார்களாம். தலைவலிக்கு ரோடு காணாமல் போகுமா என்று சிரித்தோம். "மினுக்குனா நிறுத்திருவேன் தாயி, சத்தியமா" என்றீர்கள். வேறு வண்டி இல்லாததால் ஏறினோம். அப்புறம் நீங்கள் ஏலக்காயைத் தொடவே இல்லை.

அதே தலைவலி எனக்கு முதன்முதலாக வந்தது ஏலச்செடியின் அடியில். குந்தியிருந்து காயெடுக்கும்போது, காய் தொங்கும் சரத்தில் பாதியைக் காணோம். மீதியின் ஓரத்தில் உடைந்த கண்ணாடி போல ஏதோ நடுங்கியது. பிறகு மண்டைக்குள் இடி. "வேல செய்யக் கள்ளம்" என்றார் சூப்பர்வைசர். கூட வேலை செய்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தடுமாறி ஜீப்புக்கு வந்த என்னிடம் நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்:

"எந்தப் பக்கம் காணோம்?"

"இடப்பக்கம்ணே" என்றேன். அழுகை வந்துவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்து என் கண்ணை மூடினீர்கள். அப்போதும் என் புத்தி போகவில்லை.

"நெசமாவே என்னைய நம்புறீகளா?"

"ஏன், ஊதச் சொல்லவா?"

நீங்கள் போய்ச் சேர்ந்த பின்னும் என் சந்தேக குணம் போகவில்லை, அண்ணே. புது டிரைவரை நாளையும் முகர்ந்துதான் பார்ப்பேன். ஆனால் தோட்டத்தில் எவளாவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், மற்றவர்கள் உதட்டைச் சுழிக்கும் முன்பே உங்கள் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். எந்தப் பக்கம் காணோம்? அதைக் கேட்டதும் அவள் அழுதால் போதும், வேறெதையும் நான் சோதிப்பதில்லை.