ஜெயந்தி தோளில் அரக்குப் பட்டு

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி பாவனை காட்டிவிட்டுப் போய்விட்டது. வாங்க: துவரம் பருப்பு, சேஃப்டி பின், கால்வலித் தைலம்.

ஆவணி முகூர்த்தம். கடையில் மூச்சுவிட இடமில்லை. நான் வழக்கம்போல் கீழே, காட்டன் பிரிவு. ஜெயந்தி மாடியில், கல்யாணப் பட்டு. அவள் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் பன்னிரண்டு வருடமாக மாடி கேட்கிறேன். அங்கே ஏசி, மெத்தை விரிப்பு, உட்கார்ந்தே வியாபாரம். போன வருடம் மேனேஜர் உடைத்தே சொல்லிவிட்டார். "பொண்ணு வூட்டுக்காரங்க உம்மேல போட்டுப் பாத்தா கலர் எடுக்காதும்மா. தப்பா எடுத்துக்காத." தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

ஜெயந்தி திரிபுராக்காரி. சின்னக் கண், சப்பை மூக்கு, உரித்த பூண்டு மாதிரி நிறம். ஒரகடத்தில் கம்பெனி வேலை போய் இங்கே வந்தவள். மேனேஜர் கெஞ்சியதால் செவிலிமேட்டில் என் அறையில் சேர்த்துக்கொண்டேன். முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். அவள் பாட்டுக்கு என் துணியையும் சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டாள். அப்புறம் எங்கே கோபப்படுவது.

இன்று மாடியில் வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். பெண்ணின் அம்மா அரக்குப் பட்டு ஒன்றை ஜெயந்தி தோளில் போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டார். வீட்டு ஆண்களிடம் காட்டிவிட்டு வருகிறார்களாம். அந்தப் படத்தைத் தன் அம்மாவுக்கு அனுப்ப ஜெயந்திக்கு ஆசை. கேட்க வெட்கம். ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும், பைத்தியம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வேலை முடிந்து கோயில். ஜெயந்தி ரொம்ப நாளாகக் கேட்டது. பஸ்ஸில் ஒருவர், நேபாளமா சைனாவா என்று என்னிடம் கேட்டார். அவளிடம் கேட்கவில்லை. இந்தியா என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் போக வாட்ச்மேன் விடவில்லை. போர்டைக் காட்டினார், இந்து அல்லாதார் உள்ளே வரக்கூடாது. அவள் நெற்றியில் என்னுடையதைவிடப் பெரிய குங்குமம். ஆதாரை எடுத்து நீட்டினாள். பழக்கம்போல. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜெயந்தியா? இது நம்ம பேராச்சேம்மா. இவங்க நெசப் பேரு இன்னா?"

நான் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டார். உள்ளே அவள் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். எனக்கு ஒரு சாமியும் கண்ணில் தெரியவில்லை, அவ்வளவு எரிச்சல். வெளியே வந்து புளியோதரை. மிளகாய் கடித்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தைலம் இன்றும் மறந்தேன்.

வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் மடக்கினார். கையில் போன். வடநாட்டு ஆட்கள் பிள்ளை பிடிக்க இறங்கியிருக்கிறார்களாம், எல்லா குரூப்பிலும் வருகிறதாம். "அந்தப் பொண்ணு எப்படிம்மா? பயமா இருக்குதுமா, வெளியூர்க்காரங்கள வெச்சிக்கினு." வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர். பாட்டன் பூட்டன் ஆந்திராவிலிருந்து தறியோடு வந்த கதையை என்னிடம் பெருமையாகச் சொன்னதும் இவர்தான். அதை எடுத்துவிட நாக்கு நுனி வரை வந்தது. வாடகைக்கு இருப்பவள், வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கடை அரை நாள்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். நாளை யாராவது கேட்டால் குழம்பக் கூடாது.

மதியம் திருமுக்கூடல் போனோம். மூன்று ஆறு கூடும் இடம் என்று சொல்லி நான்தான் கூட்டிப்போனேன். டப்பாவில் கொழுக்கட்டை. பாதி ஆறு வெறும் மணல். மணல் அள்ளின பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். லீவு என்பதால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம்.

ஒரு குழந்தை, இரண்டு வயதிருக்கும், மஞ்சள் கவுன், தனியாகப் பள்ளத்துப் பக்கம் நடந்தது. அம்மாக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு போனில். ஜெயந்தி டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள். குழந்தை தண்ணீரில் கால் வைத்துவிட்டது. தூக்கிவிட்டாள். அது அவள் முகத்தைப் பார்த்ததும் வீரிட்டது. அம்மாக்காரி திரும்பிப் பார்த்து அலறினாள். புள்ள புடிக்கிறவ என்று யாரோ ஒருவன் சொன்னான். அவ்வளவுதான்.

எங்கிருந்து வந்தார்கள் இத்தனை பேர். குழந்தையைப் பிடுங்கினார்கள். அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தி செருப்பால். என் கூட வந்தவள், காஞ்சிபுரத்தில் வேலை செய்கிறாள் என்று நான் குறுக்கே விழுந்தேன். நீதான் ஏஜெண்டா என்று என் முதுகிலும் ஒன்று. அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தேன். சுற்றிலும் போன், போன், போன்.

அம்மாக்காரி முன்னால் போய் நின்றேன். "நீயே சொல்லும்மா. தண்ணீல கால் வெச்ச கொழந்தையத்தானே தூக்கிக்கினு வந்தா?"

அவள் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். சேறு. பக்கத்தில் புருஷன்.

"நான் பாக்கலை" என்றாள்.

போலீஸ் வந்துதான் மீட்டது. இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்தார். புள்ளையக் காப்பாத்தினவள்தான், எனக்குத் தெரியுது என்றார். அப்படியானால் அடித்தவர்கள் மேல் புகார் என்றேன். "கூட்டம்மா. யார் பேர எழுதறது?"

ஆகஸ்ட் 28, வியாழன்

ஜெயந்திக்கு உதடு கிழிந்து, காதோரம் வீக்கம். கஞ்சி.

படம் ஊர் முழுக்க வந்துவிட்டது. குழந்தை கடத்த வந்த வடமாநிலப் பெண்ணைப் பொதுமக்கள் மடக்கிப் பிடித்தனர் என்று கீழே எழுத்து. ஜெயந்தி தலைகுனிந்து நிற்கிறாள். என் முகம் படத்தில் இல்லை, வெட்டிவிட்டார்கள். அவள் மணிக்கட்டைப் பிடித்த என் கை மட்டும் இருக்கிறது. கறுப்புக் கை, சிவப்பு வளையல். அந்தப் பொதுமக்கள் நான்தான். வளையலைக் கழற்றி எறிந்தேன். என்ன பிரயோஜனம்.

வீட்டுக்கார அம்மா ஞாயிறுக்குள் அவளை அனுப்பச் சொல்லிவிட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அப்புறமும் ஞாயிறுக்குள்தான்.

மேனேஜர்: கஸ்டமர் யாராவது படத்தைப் பார்த்திருந்தால் கடைப் பேர் என்ன ஆவது, கொஞ்ச நாள் ஊரில் இருந்துவிட்டு வரட்டும். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்றேன். யாரோ கூப்பிட்ட மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 30, சனி

லேசான தூறல். சென்னை போய் ரயிலேற்றிவிட்டு வந்தேன். முகத்தில் மாஸ்க், தலையில் துப்பட்டா, என்னவோ திருடிக்கொண்டு ஓடுகிறவளைப் போல. குங்குமம் வைக்கவில்லை. வண்டி கிளம்புகிற நேரம் ஜன்னல் வழியாக ஒன்று சொன்னாள்.

"அடுத்த தடவ பாப்பா தண்ணி போனா, நான் பாக்க மாட்டேன் அக்கா."

சரி என்றேன்.

அறையில் கொடியில் என் நைட்டி. போகும் முன் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 1, திங்கள்

வெயில். தைலம் வாங்கியாயிற்று.

மாடியில் ஆள் இல்லாததால் என்னை ஏற்றினார் மேனேஜர், "இந்த வாரத்துக்கு மட்டும்" என்று. ஏசி குளிருகிறது. வேண்டிக் கேட்ட இடம், உட்கார மனசில்லை.

பதினொரு மணி வாக்கில் அந்த வேலூர்க் குடும்பம். பெண்ணின் அம்மா சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு அந்தக் கலரான பொண்ணு எங்கே என்றார். ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அடடா என்று போனை எடுத்தார். அரக்குப் பட்டு போட்ட ஜெயந்தி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. வீட்டில் எல்லாருக்கும் இதுதான் பிடித்ததாம், இந்தப் பொண்ணு மாதிரியே நம்ம பொண்ணும் மேடையில் இருக்க வேண்டும் என்று மாமியார் வீட்டில் சொன்னார்களாம். இன்னொரு படமும் அந்த போனில் எங்கேயாவது இருக்கும். இரண்டும் ஒரே முகம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜெயந்தி அம்மாவுக்கு இந்தப் படத்தைக் கேட்க வாயெடுத்தேன். எதற்கு, அவள் ஏன் போனாள் என்று கேட்பார்கள். மூடிக்கொண்டேன்.

அதே புடவையை எடுத்து விரித்து என் தோளில் போட்டேன்.

"வேணாம்மா. மடிச்சே காட்டு" என்றார்.

மடித்தே காட்டினேன். எடுத்துக்கொண்டார்கள்.