முதுகு காட்டிச் சொன்ன கடைசிக் காட்சி

என் பிரியமான அமெரிக்கா அத்தைக்கு,

இன்று காலையும் படகுத்துறையில் பனி இறங்கியிருந்தது. படகுகளின் சத்தம் கேட்டது, படகுகள் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே நின்றுவிட்டிருப்பீர்கள். உங்கள் கட்டிலில் இப்போது பக்கத்து வீட்டுப் பூனை தூங்குகிறது. விரட்ட மனம் வரவில்லை.

ஒரு செய்தி. உங்கள் கடைசி நாடகத்தை அமெரிக்காவில் மேடையேற்றப் போகிறார்கள். முடிவை மட்டும் எழுதாமல் போய்விட்டீர்களே, அதை வேறொருவரை வைத்து எழுதிக்கொள்ளலாமா என்று உங்கள் தோழி, அந்த இயக்குநர் அம்மா, அப்பாவிடம் கேட்டிருந்தார். அப்பா சரி என்று சொல்ல இருந்தார். நான் குறுக்கே புகுந்தேன்.

"அப்பா, முடிவு எனக்குத் தெரியும்" என்றேன்.

"உனக்கா? அப்ப நீயே சொல்லிடு தாயே!"

சின்னப் பெண்ணாக இந்த க்யிம்யிண்டைங் படகுத்துறையை விட்டுப் போனவர் நீங்கள். அங்கே உணவுக்கடையில் தட்டுக் கழுவியபடி, சாப்பிட வந்தவர்களைப் போலப் பேசிப் பார்ப்பீர்களாம். முதல் நாடகத்துக்கு, பார்க்க வந்தவர்களைவிட நடித்தவர்கள்தான் அதிகம் என்று சிரிப்பீர்கள். பிறகு பெரிய அரங்குகள், பரிசுகள். அதற்கும் பிறகு யாரும் கூப்பிடாத வருடங்கள். உங்கள் நாடகம் எல்லாவற்றிலும் ஒரு படகுத்துறை வருமாமே? ஆற்றுக்கு அமெரிக்கப் பெயர் வைத்தாலும் தண்ணீர் நம்முடையதுதானே, அத்தை?

நோயோடு நீங்கள் திரும்பி வந்தபோது, நான் பள்ளியை விட்டுவிட்டு லான்மடா கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். யாராவது முகம் பார்த்துப் பேசினால் எனக்குக் குரலே வராது. உங்களுக்கோ வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு வரியும் எழுத வராது. கேட்க ஆள் வேண்டும். அதனால் முதுகோடு முதுகு சாய்ந்து உட்காருவோம்.

"முகத்தப் பாத்தா நடிக்கத் தோணும்டி. முதுகுக்கு நடிக்கத் தெரியாது" என்பீர்கள்.

தமிழும் பர்மியும் கலந்து, நாடகத்தில் வரும் எல்லாரும் நீங்கள் ஒருவரே ஆவீர்கள். கடைசி நாடகத்தின் முடிவையும் அப்படித்தான் சொன்னீர்கள். உங்கள் சிரிப்பு முதலில் என் முதுகில் தெரியும், பிறகுதான் காதில்.

நேற்று காலை அப்பா போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தார். திரையில் இயக்குநர் அம்மா, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அக்கா. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"சொல்லும்மா, லைன் கட்டாயிடும்" என்றார் அப்பா.

நான் போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன்.

"என்னடி இது! அவ்வளவு தூரத்துலேருந்து கூப்பிட்டிருக்காங்க, நீ கோவிச்சுக்கிட்ட மாமியார் மாதிரி..."

போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்பாவின் குரல் அப்படியே இறங்கிப்போனது.

"அம்மாடி... அவங்களும் திரும்பி உக்காந்துட்டாங்க."

அங்கேயும் எல்லாரையும் அப்படித்தான் உட்கார வைத்தீர்களா? என்னிடம் சொல்லவே இல்லையே.

பிறகு சொன்னேன். பனிக்குள்ளிருந்து படகு வருகிறது. நாடகத்தில் வரும் அக்காவும் தங்கையும் ஏறுகிறார்கள். படகுக்காரக் கிழவர் கயிற்றை அவிழ்க்கிறார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பர்மியில் மாமா என்று அழைத்துச் சொல்கிறாள்:

"கொஞ்சம் நில்லுங்க, ஊலே. இன்னும் ஒரு ஆள் வரணும்."

அவ்வளவுதான். யார் வரவேண்டும் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இயக்குநர் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது கேட்டது. பிறகு அந்தத் தமிழ் அக்கா மெதுவாகச் சொன்னார்: "இதுக்கு மேல யாரும் ஒரு வார்த்தையும் சேர்க்கப் போறதில்லையாம்."

அங்கே இரவில் நாடகம் முடியும்போது இங்கே காலையாக இருக்கும். அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போவேன். ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்த வரியைச் சத்தமாகவே சொல்வேன். யார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும். உங்கள் சிரிப்பு என் முதுகில் தெரியும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

உங்களோடு முதுகு சாய்ந்திருக்கும்
உங்கள் தம்பி மகள்,
தேவி